மின்சார ஸ்கூட்டர்: ஊர் திரும்பும் கணக்கு

ஒசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. தூத்துக்குடியில் வியத்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் ஆலையையே திறந்துவிட்டது. ஆனாலும், அதே மாவட்டத்தின் ஓட்டப்பிடாரத்தில் மின்சார ஸ்கூட்டர் வாங்க நினைப்பவருக்கு, விற்பனைக் கூடத்தில் சொல்லப்படும் கணக்கு அப்படியே பொருந்தாது. அது நகரத்துக்குள்ளேயே நாளொன்றுக்கு 20, 25 கி.மீ. சுற்றுபவரை மனத்தில் கொண்டது. ஓட்டப்பிடாரத்துக்காரருக்கோ நகரம் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது. தூத்துக்குடியில் ஜவுளிக்கடைக்கோ மருத்துவமனைக்கோ வேலைக்குச் செல்பவர், போய்வர 60, நகருக்குள் அலைய 10 என நாள்தோறும் 70 கி.மீ. ஓட்டியாக வேண்டும். பெட்ரோல் தீர்ந்தால் வழியில் யாரிடமாவது ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம். மின்சாரத்தை அப்படி வாங்க முடியாது. இருட்டிய பிறகு கரிசல்காட்டின் நடுவே, தனியே வரும் ஒரு பெண்ணின் வண்டி நின்றுவிட்டால், அதை வெறும் பழுது என்று சொல்லிவிட முடியுமா? ஆகவே, வண்டியைத் திரும்பும் வழியை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

விளம்பரத்தில் உள்ள கிலோமீட்டர் எண்ணை ஒதுக்கிவிட்டு, பேட்டரியின் கொள்ளளவைக் கேட்க வேண்டும். அது கிலோவாட்-மணி என்ற அளவில் சொல்லப்படும். நமது மின்கட்டண அட்டையில் உள்ள ‘யூனிட்’டும் அதுதான். 50 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில், பின்னால் ஒருவரையும் ஏற்றிச் சென்றால், கிலோமீட்டருக்கு 40 வாட்-மணி செலவாகும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இந்தக் கணக்கில் 3 யூனிட் பேட்டரி 75 கி.மீ. தரும். புதிய வண்டிக்கு இது போதும். சில ஆண்டுகளில் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததும், அதே வண்டி 60 கி.மீ.யில் நின்றுவிடும், அதாவது, வீட்டுக்கு 10 கி.மீ. முன்பாக. 4 யூனிட் பேட்டரி அந்த நிலையிலும் 80 கி.மீ. தரும். விலை கூடுதல்தான். ஆனால், கடைசித் தவணை கட்டும் மாதத்தில் வேலைக்கு உதவாமல் போகும் வண்டி அதைவிடச் செலவு மிக்கது. எத்தனை ஆண்டுகளுக்கு, எத்தனை சதவீதக் கொள்ளளவுக்கு உத்தரவாதம் என்பதை எழுத்தில் பார்க்காமல் முன்பணம் கட்டக் கூடாது.

இதில் காற்றையும் சேர்க்க வேண்டும். கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகள் காரணமின்றி நிற்கவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்றைத் தடுக்க இந்தச் சமவெளியில் எதுவும் இல்லை. தூத்துக்குடி, ஓட்டப்பிடாரத்துக்குத் தென்கிழக்கே இருக்கிறது. எனவே காலையில் காற்று முதுகைத் தள்ளும். மாலையில், பேட்டரி பாதிக்குமேல் இறங்கிய நேரத்தில், முகத்தில் அறையும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்பவரை 20 கி.மீ. வேக எதிர்காற்று சந்தித்தால், காற்றுத்தடை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அப்போது வேகத்தை 40க்குக் குறைப்பது ஒன்றே வழி. கோவில்பட்டிக்குச் செல்பவர் கொடுத்துவைத்தவர். அவருக்குப் போகும்போதுதான் எதிர்காற்று.

வெயில், பேட்டரிக்கு மெதுவான நஞ்சு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எடை கூடியது. எனினும் வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். எவ்வகையாயினும், ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஆறவிட வேண்டும். 2022இல் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகே ஏஐஎஸ்-156 பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. பழைய வண்டி வாங்குவோர், அது அதற்கு முன் தயாரானதா என்று பார்ப்பது அவசியம்.

250 வாட் திறனுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட சிறு வண்டிகளுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. ரேஷன் கடைக்கும், பாஞ்சாலங்குறிச்சி வரைக்கும், பேருந்து நிறுத்தத்துக்கும் அவை போதும். லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் அவற்றை ஏற்றுவது ஆபத்து.

சீமைக்கருவேல முள் இங்கே எல்லாச் சாலையிலும் கிடக்கிறது. டியூப் இல்லாத டயர் கட்டாயம். மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் வண்டியானால், அந்தச் சக்கரத்தைக் கழற்ற ஊர் பஞ்சர் கடைக்காரருக்குத் தெரியுமா என்று முன்பே கேட்டுவிடலாம். ஐப்பசி மழையில் கரிசல் சேறு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிக்கொள்ளும். அந்த இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும். பேட்டரிக்கு ஐபி-67 தரம் இருந்தால் தூசியும் நீரும் உள்ளே புகாது. பழுதுபார்க்கும் மையம் தொலைவில் இருந்தால், ஒவ்வொரு முறையும் லோடு ஆட்டோ வாடகை தனி.

இனி மின்கட்டணம். சார்ஜ் ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 70 கி.மீ.க்கு 3.2 யூனிட், மாதம் 25 நாளுக்கு 80 யூனிட், இரு மாதங்களுக்கு 160. இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டுக்குள் இது அடங்காது. வீட்டின் மொத்தப் பயன்பாடு 500ஐத் தாண்டினால் கட்டண அடுக்கும் மாறும். அப்படியும், பெட்ரோல் ஸ்கூட்டரோடு ஒப்பிட்டால் மாதம் ஏறத்தாழ 3,000 ரூபாய் மிஞ்சும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அது சிறு தொகையல்ல.

அந்த மிச்சத்தில் முதல் செலவு, எர்த்துடன் கூடிய 15 ஆம்பியர் பிளக்குக்குத் தனி வயர் இழுப்பதாக இருக்கட்டும். கோடையில் கரிசல் மண் வெடித்துப் பிளக்கும்போது எர்த் குழியும் காய்ந்துவிடும். மின்கசிவை மண்ணுக்குள் கடத்தும் திறன் குறையும். பங்குனி தொடங்கி மழை வரும்வரை, அந்தக் குழியில் அவ்வப்போது இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவர வேண்டும்.