வாப்பாவுக்கு மெஷின் போட்டால் பிழைப்பாரா?

கற்பிட்டியிலோ உடப்பிலோ மூச்சுத் திணறும் முதியவரை 1990 இலக்க அம்புலன்ஸில் ஏற்றி, புத்தளம் ஆதார வைத்தியசாலைக்கோ சிலாபம் பொது வைத்தியசாலைக்கோ கொண்டுசேர்க்கும் பிள்ளைகள் ஐ.சி.யூ. வாசலில் டொக்டரிடம் கேட்பது இதைத்தான்.

மெஷின் என்று நாம் சொல்லும் வெண்டிலேட்டர் எந்த நோயையும் குணப்படுத்தாது. வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் இறக்கிய குழாயால் ஒட்சிசன் கலந்த காற்றை நுரையீரலுக்குள் தள்ளும். மருந்து வேலை செய்யும்வரை அவகாசம் தரும். அதனால் மூச்சு ஏன் தடுமாறியது என்பதை முதலில் கேளுங்கள். தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் தீண்டினால் நஞ்சு தசைகளைத்தான் முடக்கும்; நுரையீரல் நன்றாகவே இருக்கும். சில நாள் மெஷின் மூச்சுக் கொடுத்தால், எழுபது வயதுக்காரரும் எழுந்து வீட்டுக்கு வரலாம். பல வருடம் பீடியும் அடுப்புப் புகையும் அரித்த நுரையீரலில் நியூமோனியா வந்து, சிறுநீரகமும் பழுதாகியிருந்தால் நிலைமை வேறு.

அமெரிக்காவில் 2008 முதல் 2015 வரை, அவசர சிகிச்சைப் பிரிவில் குழாய் போடப்பட்ட 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் 41,000க்கும் அதிகமான பதிவுகளை ஆராய்ந்தார்கள். மூன்றில் ஒருவர் வைத்தியசாலையிலேயே இறந்திருந்தார். 65 முதல் 74 வயதுவரை 29 சதவீதம். 90ஐத் தாண்டியவர்களில் 50 சதவீதம். இந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனால் அதில் ஒன்று என்னை விடாமல் உறுத்துகிறது: நேரே வீடு திரும்பியவர்கள் நான்கில் ஒருவர்தான். உயிர் தப்பிய மற்றவர்களில் அநேகமானோர் வேறு பராமரிப்பு இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். நம் பக்கத்தில் அந்தப் பராமரிப்பு மகள், மருமகள் தலையில்தான் விழும். எனவே "பிழைப்பாரா?" என்பதோடு, "பிழைத்தால் எப்படி இருப்பார்?" என்றும் கேட்க வேண்டும்.

வயதைவிட உடலின் தளர்ச்சியே அதிகம் சொல்லும். 80 வயதைத் தாண்டிய ஐ.சி.யூ. நோயாளர்களை வைத்து 2017இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்விலும், தளர்ந்திருந்தவர்களே 30 நாளுக்குள் அதிகம் இறந்தார்கள். போன மாதம் வாப்பா தானாகப் பள்ளிக்கு நடந்துபோனாரா, தானே குளித்தாரா, இளைத்துக்கொண்டே வந்தாரா, அடிக்கடி விழுந்தாரா? டொக்டருக்கு இது தெரியாது. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மெஷினில் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தசை கரைகிறது; மூச்சு இழுக்கும் உதரவிதானமும் ஒரு நாளுக்குள்ளேயே மெலியத் தொடங்கும். அதனால் மயக்க மருந்தைக் குறைத்து, மெஷினின் உதவியையும் தணித்து, அரை மணி முதல் இரண்டு மணி நேரம்வரை அவராக மூச்சு விட வைத்துப் பார்ப்பார்கள். மூச்சு குட்டையாகி வேகமெடுத்தால், நெற்றி வியர்த்தால், மறுபடி பழையபடி. ஒரு நாள் தோற்றதால் எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ண வேண்டாம்.

குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் அவரால் பேச முடியாது. ஆனால் காது கேட்கலாம். பெயர் சொல்லிப் பேசுங்கள். கண்ணாடியும் காதுக் கருவியும் இருந்தால் தாதியிடம் கொடுங்கள், முதியவர்களுக்கு ஐ.சி.யூ.வில் வரும் மனக்குழப்பம் அதனால் குறையும்.

பத்து, பதினான்கு நாளாகியும் குழாயை எடுக்க முடியாவிட்டால், கழுத்தில் துளையிட்டு அதன் வழியே மூச்சு கொடுப்பதா என்ற கேள்வி வரும். அப்படியே வீட்டுக்கு வந்தால், நாளுக்குப் பல தடவை சளி உறிஞ்சி எடுக்க யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். அவருக்கு இது சம்மதமா என்று அப்போது அவரிடம் கேட்கப் பெரும்பாலும் வழியிருக்காது. கிளினிக்குக்கு நடந்து வரும் நாளிலேயே கேட்டு வையுங்கள்.