ஊழியர் சொல்லக் கேட்டல்

தொழிற்சாலையை நடத்துவோர் தம் ஊழியரின் உள்ளத்தைத் தாம் அறிந்திருப்பதாகவே பெரும்பாலும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணை வலுவற்றது என்பதை, அமெரிக்க நாட்டிலே சிக்காகோ நகரை அடுத்துள்ள ஹோதோர்ண் தொழிற்சாலையில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் காட்டின. அது தொலைபேசிக் கருவிகளைச் செய்து வந்த வெஸ்ரேண் இலெக்ரிக் கம்பெனிக்கு உரியது.

1924 ஆம் ஆண்டில் அங்கே ஆராயத் தொடங்கியது ஊழியரின் மனத்தையன்று, விளக்கொளியையே. ஒளி கூட்டிய அறையிலும் வேலை பெருகிற்று. கூட்டாத அறையிலும் பெருகிற்று. 1927 இல் சில பெண்களைத் தனியறையில் அமர்த்தி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தனர். அவர்களுள் இருவர் வேலை வேளையில் அதிகம் பேசுகின்றனர் என்று 1928 இல் அகற்றப்பட்டனர். கேட்கும் கலைக்குப் பின்னாளிற் பேர்பெற்ற ஓர் ஆராய்ச்சியின் வரலாற்றில் இஃது ஒரு விந்தையே.

அதே 1928 முதல் 1930 வரை ஏறத்தாழ 21,000 ஊழியர் தனித்தனியே பேட்டி காணப்பெற்றனர். முதலில் மேற்பார்வை, வேலை, வேலைச்சூழல் என்பன பற்றி வகுத்த வினாக்களையே கேட்டனர். ஊழியரோ வினாவை விட்டுத் தம் மனத்தில் உறுத்திய வேறொன்றைப் பேசலாயினர். வினாவைக் கைவிட்டு, ஊழியர் போகும் வழியே தாமும் போவதென்று ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர். அரைமணி நேரப் பேட்டி ஒன்றரை மணி நேரமாக நீண்டது. கேட்பவர் வாதாடலாகாது, அறிவுரை கூறலாகாது. சொல்லத் தயங்குவதையும் செவியில் வாங்கவேண்டும் என விதி செய்தனர்.

கருவி பழுது என்ற முறைப்பாட்டைச் சென்று பார்த்துத் தீர்க்கலாம். கூலி போதாது என்பதை எக்கோலால் அளப்பது? அவ்வாறு முறையிட்ட ஒருவர், பேச்சு வளர்ந்தபோது, தம் மனைவி மருத்துவமனையில் இருப்பதையும் வைத்தியச் செலவை எண்ணிக் கலங்குவதையும் வெளியிட்டார். முறைப்பாட்டின் சொல் வேறு, அதன் வேர் வேறு என்ற தெளிவு இங்கேதான் பிறந்தது. ஆயினும் இதில் ஓர் அபாயமும் உண்டு. எல்லா மனக்குறையும் வீட்டிலிருந்தே வருவதென்று கொள்ளும் முகாமையாளர், கூலியை உயர்த்தாதிருக்க நல்லதொரு சாட்டைப் பெற்றுவிடுவார். கூலி குறைவென்ற முறைப்பாடு உண்மையிலேயே கூலி குறைவதாலும் எழலாமன்றோ? எல்ற்றன் மேயோ முதலியோரின் விளக்கங்களைப் பிற்கால அறிஞர் கண்டித்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

1931 ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1932 மே வரை பதினான்கு ஆடவர் வேலை செய்த ஓர் அறையை அருகிருந்து கவனித்தனர். கூட்டாகச் செய்யும் வேலை மிக மிகக் கூலியும் மிகும் என்பது கம்பெனி வகுத்த திட்டம். அறைக்குள்ளோ, ஒரு நாளைக்கு இவ்வளவே போதும் என்று அவர்கள் தமக்குள் வேறோர் அளவு வகுத்திருந்தனர். மிஞ்சுபவரின் புயத்தில் ஒரு குத்து விழும். மிகுதியாகச் செய்தால் கூலி வீதம் குறைக்கப்படும், அல்லது சிலர் வேலை இழப்பர் என்று அவர்கள் அஞ்சினர். பொருளாதார மந்தத்தால் அத்தொழிற்சாலையிலேயே பலர் வேலையிழந்துகொண்டிருந்த காலம் அது. திட்டம் வகுத்தோரின் கணக்கில் அவ்வச்சத்துக்கு இடமிருக்கவில்லை.