மேனியில் பூசுவது – 7: மானாப்புல் வாசம்

பூனாகலைப் பக்கம் தேயிலை ஏறாத மேடுகளில் மானாப்புல் நிற்கும். ஒரு தாளை உருவிக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சையும் ரோசாவும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். அவசரப்பட்டு உருவினால் ஓரம் விரலைக் கீறிவிடும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில், மறுநடுகைக்கு முன் மண் தேறட்டும் என்று ஒன்றரை, இரண்டு வருஷம் வளர்க்கிற புல்லும் இதுதான். தோட்டத்து ஆட்களுக்கு இது வாசனைப் பொருளே இல்லை. வெட்டிப் பரப்புகிற புல், அவ்வளவுதான்.

இதன் நெருங்கிய சொந்தத்தைத்தான் தெற்கே மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம் காய்ச்சி, சிட்ரனெல்லா எண்ணெய் என்று சவர்க்காரக்காரர்களுக்குக் கப்பலேற்றினார்கள். சிலர் அதில் மண்ணெண்ணெயும் கலந்தார்கள். அதைப் பிடிக்க லைப்சிக் நகரத்து ஷிம்மல் கம்பெனி ஒரு சோதனை வைத்திருந்தது: ஒரு பங்கு எண்ணெய், பத்துப் பங்கு 80 வீத மதுசாரத்தில் கலங்காமல் கரைய வேண்டும். அன்றைக்குப் பயம் கலப்படம். கலப்படமே இல்லாத எண்ணெயும் தோலுக்கு ஆகாமல் போகலாம் என்பது பிறகு தெரிந்த சங்கதி.

எனக்கு அது காதோரத்தில் தெரிந்தது. பண்டாரவளையில் ஒரு கடையில் கிரீம் வாங்கினேன். "கெமிக்கல் ஒன்னுமே இல்ல மிஸ், முழுக்க மூலிகைதான்" என்றாள் கடைத் தங்கச்சி. கொஞ்ச நாள் பூசிவிட்டு, மூடியைச் சரியாகத் திருகாமல் குளியலறை ஜன்னலில் வைத்து மறந்துபோனேன். பல மாதம் கழித்து எடுத்துப் பூச, இரண்டாம் நாள் காதோரம் சிவந்து ஒரே அரிப்பு. பூசியவுடன் ஒன்றும் தெரியாது. இந்த ஒவ்வாமை ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால்தான் பலர் பழியை நேற்றைய கருவாட்டின்மேல் போடுகிறார்கள்.

என் தோலைச் சீண்டியது எது என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் குப்பியின் பின்புறம் பொடி எழுத்தில் லிமொனீன், லினலோல், ஜெரானியோல் மூன்றும் இருந்தன. சிட்ரனெல்லாவில் ஜெரானியோலும் லிமொனீனும் உண்டு. லினலோல் லவெண்டரில் அதிகம். லிமொனீனும் லினலோலும் புதிதாக இருக்கையில் பெரும்பாலும் சாது. காற்றுப் பட்டுப் பழசானால் ஹைட்ரோபெரொக்சைட் ஆகிவிடும். வம்பு செய்வது அதுதான். தோல் ஒருமுறை பகைத்துக்கொண்டால் அனேகமாக ஆயுளுக்கும் பகைதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் 26 வாசனைப் பொருட்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்றது. பூசிவிட்டுக் கழுவாத கிரீமில் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே பெயர் வர வேண்டும். 2023இல் பட்டியல் 80ஐத் தாண்டியது. ஆய்வுகூடத்தில் செய்ததா, புல்லில் காய்ச்சியதா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. கடைத் தங்கச்சியும் அப்படியே கேட்காமல் இருந்தால் நல்லது.

புதுக் கிரீம் என்றால் இப்போது முழங்கை மடிப்பில் காலை, மாலை ஒரு வாரம் பூசிப் பார்க்கிறேன். திறந்த தேதியைக் குப்பியில் பேனாவால் எழுதிவைக்கிறேன். பழைய குப்பியை வீச மனம் வரவில்லை, வாசம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. சப்பாத்துத் துடைக்க வைத்திருக்கிறேன்.

கறுவாப்பட்டை எண்ணெய் இதைவிட முரடு. அடுத்த வாரம் அது.