ஒருமுறை எழுதினால் போதும்

தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் தோன்றியது. அதன் பின்னர் இந்நகரின் பல பகுதிகளிலும் தமிழர் மன்றங்கள் எழுந்தன. மன்றம் எதுவாயினும் அதற்கு முதலில் வேண்டுவது உறுப்பினர் பட்டியலே. அன்று பேரேட்டில் எழுதியதை இன்று எக்செல் விரிதாளில் எழுதுகிறோம். கரோல்பாக், இராமகிருஷ்ணபுரம், கௌதம் நகர் என்னும் பெயர்களையே நூறுமுறை தட்டச்சிடுகிறோம். இவ்வுழைப்பு வேண்டுவதன்று.

மேற்கட்டத்துச் சொல்லே கீழும் வரவேண்டுமாயின், கீழ்க்கட்டத்தில் நின்று ‘கன்ட்ரோல்’ விசையோடு ‘டி’ விசையை அழுத்தினால் போதும். பல கட்டங்களில் ஒரே சொல் வரவேண்டுமாயின், அவற்றை முதலில் தேர்ந்து, சொல்லை எழுதி, ‘கன்ட்ரோல்’ விசையோடு ‘என்டர்’ விசையை அழுத்துக. ‘ஆல்ட்’ விசையோடு கீழ்நோக்கிய அம்பு விசையை அழுத்தினால், அந்நிரலில் மேலே எழுதிய சொற்கள் வரிசையாகத் தோன்றும், வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம்.

இதன் பயன் விரைவு மட்டுமன்று. ‘கௌதம்’ என்பதை ஒருவர் ஔகாரக் குறியிட்டு எழுதுவார். மற்றொருவர் எகரக் குறியும் ளகர எழுத்தும் இட்டு எழுதுவார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு. கௌதம் நகர்வாசிகளைப் பிரித்தெடுக்கும்போது சில குடும்பங்கள் விடுபட்டுப் போகும். பொங்கல் விழா அழைப்பு அவர்களைச் சென்றடையாது. ஊரைவிட்டு வந்தோர்க்கு அவ்வழைப்பே ஓர் உறவன்றோ? ஒருமுறை செம்மையாக எழுதிய சொல்லையே மீண்டும் எடுத்தாண்டால் எவரும் விடுபடார்.