இயந்திரம் நிற்கிறது, பெட்டி நிற்பதில்லை: அறுவடைக் காலத்தில் கவனிக்க வேண்டிய பிரேக் கோளாறுகள்

கடந்த காலபோக அறுவடையின்போது கிளிநொச்சியில் சித்தப்பாவின் உழவு இயந்திரத்தில், அவருக்குப் பக்கத்தில் மட்கார்டில் அமர்ந்து வயலிலிருந்து வந்துகொண்டிருந்தேன். பின்னால் பெட்டி நிறைய நெல் மூடைகள். மூடைகளுக்கு மேலே, வேலைக்கு வந்த நான்கு பேர். குளக்கட்டிலிருந்து வீதிக்கு இறங்கும் சிறிய சரிவில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. சித்தப்பா பிரேக்கை மிதித்தார். இயந்திரத்தின் வேகம் குறைந்தது; பெட்டியின் வேகம் குறையவில்லை. பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல இயந்திரத்தின் பின்பக்கம் இடப்புறமாக விலக, முன்பக்கம் வலப்புற வேலியில் முட்டி நின்றோம். மாடு ஓடிவிட்டது. நல்ல காலம், யாருக்கும் காயமில்லை.

“போன மாசம் தானே பிரேக் செய்தது” என்றார் சித்தப்பா. அது உண்மைதான். ஆனால் செய்தது இயந்திரத்தின் பிரேக்கை. மறுநாள் கராஜில் பெட்டியின் சில்லைக் கழற்றிப் பார்த்தபோது, அங்கே பிரேக் என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. இயந்திரத்துக்கு ஒயில் மாற்றுகிறோம், டயர் மாற்றுகிறோம். பெட்டிக்கு என்ஜின் இல்லை என்பதால் அதற்குப் பராமரிப்பும் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

எவ்வளவு பாரத்தை நிறுத்துகிறோம்?

நான்கு சில்லு உழவு இயந்திரம் ஒன்று ஏறத்தாழ 2 தொன் எடையுள்ளது. ஒரு மூடை நெல் 65 கிலோ என்று வைத்தால் 60 மூடைகள் கிட்டத்தட்ட 4 தொன். மணல் என்றால் ஒரு கியூப், அதாவது 100 கன அடி, நாலரை தொன் வரும். நனைந்திருந்தால் இன்னும் கூடும். 2 தொன் எடையுள்ள இயந்திரம் தன்னைவிட இரண்டு மடங்கு பாரத்தைச் சேர்த்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதுவும் பெரும்பாலான இயந்திரங்களில் பின்சில்லுகள் இரண்டில் மட்டுமே பிரேக் உண்டு.

வேகம் இதை இன்னும் மோசமாக்குகிறது. மணிக்கு 15 கிலோமீற்றரில் போகும் பெட்டியை 30 கிலோமீற்றரில் கொண்டுபோனால், அதை நிறுத்தப் பிரேக் செய்யவேண்டிய வேலை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு.

இதனால்தான் பல நாடுகளில் ஓர் அளவுக்கு மேல் பாரமுள்ள பெட்டிக்குத் தனிப் பிரேக் கட்டாயம். நம்மவர்கள் அதிகம் வாழும் கனடாவின் ஒன்ராறியோவில் அந்த எல்லை 1,360 கிலோ. அங்கே காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பயண வண்டிகளில், வண்டி கழன்றுவிட்டால் தானாகவே பிரேக் பிடிக்கும் ஆளியும் இருக்கும். நம்மூர்ப் பெட்டிகளில் பலவற்றுக்குக் கொளுவியில் ஒரு பாதுகாப்புச் சங்கிலிகூட இல்லை.

அறிகுறிகள் சொல்வது என்ன?

பிரேக் திடீரென்று போவது குறைவு. பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகும்.

*பெட்டி தள்ளுகிறது.* பெட்டியின் பிரேக் வேலை செய்யவில்லை, அல்லது பாரம் பின்னால் ஏற்றப்பட்டிருக்கிறது. ஒற்றை அச்சுள்ள பெட்டியில் பாரம் அச்சுக்குப் பின்னால் போனால், இழுவைச் சட்டம் மேலே எழும்பப் பார்க்கும். அது இயந்திரத்தின் பின்பக்கத்தையும் தூக்கும். பிரேக் இருக்கும் பின்சில்லுகளே நிலத்தில் சரியாக அழுந்தாவிட்டால், எவ்வளவு நல்ல பிரேக்கும் வழுக்கும். பாரம் அச்சுக்கு மேலும், சற்று முன்னாலுமாக இருக்க வேண்டும்.

*ஒரு பக்கம் இழுக்கிறது.* முதலில் மிதிகளைப் பாருங்கள். வயலில் திருப்புவதற்காக இடது, வலது பிரேக் மிதிகளைப் பிரித்து வைத்திருப்போம். வீதிக்கு ஏறும்போது இரண்டையும் இணைக்கும் கொளுக்கியைப் போட மறப்பதுதான் பொதுவான தவறு. இணைத்தும் இழுத்தால், இரண்டு பக்கமும் ஒரே அளவில் முறுக்கப்படவில்லை, அல்லது ஒயில் சீல் கசிந்து ஒரு பக்க லைனிங்கில் ஒயில் பட்டிருக்கிறது. ஒயில் ஊறிய லைனிங்கைத் துடைத்துவிட்டுப் போடுவதில் பயனில்லை. சீலையும் லைனிங்கையும் மாற்ற வேண்டும்.

*மிதி ஆழமாகப் போகிறது.* கம்பியில் இயங்கும் பிரேக் என்றால் லைனிங் தேய்ந்திருக்கலாம். லைனிங்கைப் பார்க்காமல் கம்பியை மட்டும் முறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் இரும்பும் இரும்பும் உரசும். ஒயிலில் இயங்கும் பிரேக் என்றால் கசிவு அல்லது குழாயில் காற்று.

*ஒரு சில்லு மட்டும் சுடுகிறது.* பத்து நிமிடம் ஓடிய பின் நிறுத்தி, சில்லின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். உடனே தொட வேண்டாம். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பெயாரிங் கிறீஸ் இல்லாமல் காய்கிறது.

*தண்ணீருக்குள்ளால் வந்த பின் பிடிக்கவில்லை.* லைனிங் நனைந்திருக்கிறது. மெதுவாக ஓடியபடி பிரேக்கை மென்மையாகச் சிலமுறை மிதித்தால் காய்ந்துவிடும். வீதிக்கு ஏற முன்னரே இதைச் செய்ய வேண்டும்.

பவுசரும் லாண்ட்மாஸ்டரும்

வரட்சிக் காலத்தில் குடிநீர் கொண்டுவரும் பவுசருக்குத் தனி ஆபத்து உண்டு. 3,000 லீற்றர் தண்ணீர் என்றால் 3 தொன். முழுதாக நிரம்பிய தாங்கியில் தண்ணீர் அசைய இடமில்லை. பாதி காலியான தாங்கியில் தண்ணீர், பிரேக் பிடித்ததும் முன்னால் பாய்ந்து இயந்திரத்தை இடிக்கும். வளைவில் பக்கவாட்டில் பாய்ந்து கவிழ்க்கும். ‘பாதிதானே இருக்கிறது’ என்று வேகம் கூட்டுவது தப்புக்கணக்கு.

லாண்ட்மாஸ்டர் எனப்படும் இரு சில்லு இயந்திரம் பெரும்பாலும் பெட்டியின் கால் பிரேக்கை நம்பியே ஓடுகிறது. அதில் புதியவர்களை ஏமாற்றும் இன்னொரு விடயம் உண்டு. சமதரையில் இடதுகைப் பக்கக் கிளச்சைப் பிடித்தால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் பெட்டி தள்ளும்போது அதே கிளச்சைப் பிடித்தால் வலப்பக்கம் திரும்பும். கிளச் விடுபட்ட சில்லு தடையின்றி உருள, மற்றச் சில்லை என்ஜின் பிடித்து வைப்பதுதான் காரணம். இறக்கத்தில் பக்கக் கிளச்சைத் தொடாமல், கைபிடியாலேயே மெதுவாகத் திருப்புவது நல்லது.

எந்த இயந்திரமானாலும், இறக்கம் தொடங்க முன்னரே சிறிய கியருக்கு மாறுங்கள். பாதி வழியில் கிளச்சை மிதித்தால் என்ஜினின் பிடியும் போய்விடும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருள விடுவது உயிரோடு விளையாடுவது.

பத்து நிமிடம்

புறப்பட முன் கொளுவிப் பின் தேய்ந்திருக்கிறதா, அதற்குப் பதிலாக யாராவது ஒரு கம்பியைச் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு டயர்களின் காற்று, மிதிகளை இணைக்கும் கொளுக்கி, பெட்டியின் பிரேக் கம்பி ஆகியவற்றைப் பாருங்கள். பாரம் ஏற்றியதும் முற்றத்திலேயே சில அடி ஓட்டி ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பாருங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

எங்கள் ஊர்களில் பெட்டி நெல்லை மட்டும் சுமப்பதில்லை. வேலைக்குப் போகிறவர்கள், கோவிலுக்குப் போகிறவர்கள், வெள்ளத்தில் வீட்டைவிட்டு வெளியேறுகிறவர்கள் எல்லோரும் அதில்தான் ஏறுகிறார்கள். அவர்கள் பிடித்துக்கொள்ள மூடையின் காதைத் தவிர வேறொன்றும் இல்லை.

சித்தப்பா பெட்டிக்குப் புது லைனிங் போட்டுவிட்டார். மூடைக்கு மேல் யாரையும் ஏற்றுவதில்லை என்றும் முடிவெடுத்திருக்கிறார். வேலையாட்களை மோட்டார் சைக்கிளில் இரண்டு தடவையாகக் கொண்டுபோய் விடுகிறார். நேரம் போகிறதே என்று கேட்டேன். “அந்த நாலு பேரிலை ஒராள் விழுந்திருந்தால்?” என்று மட்டும் கேட்டார்.