வெள்ளத்துக்கு வாசல் எண்ணூர்க் கழிமுகம்

பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். பனிக்காலத்தில் பூநாரை வரும்; பார்க்கப் பட்டணத்து ஜனங்களும் வருவார்கள். அந்த ஏரியோடு பக்கிங்காம் கால்வாயால் இணைந்த எண்ணூர்க் கழிமுகத்தை மட்டும் 'வெறும் சேத்து நிலம்' என்று ஒதுக்கிவிடுகிறோம்.

மீஞ்சூர் பக்கத்து வயல்காரர்கள் அப்படி ஒதுக்கலாமா? கொசஸ்தலை ஆற்று வெள்ளம் கடலுக்குப் போகிற வாசலே அதுதாங்க. மழை கொட்டும்போது சேற்றுவெளி, உப்பளம், அலையாத்திக் காடு எல்லாம் தண்ணீரைப் பரப்பி வாங்கிக்கொள்ளும். அனல் மின்நிலையச் சாம்பலும் கொட்டிய மண்ணும் படிந்து மேடு தட்டினால், வெள்ளம் வடியாமல் மேலே வயலில்தான் தேங்கும். பல நாள் முழுகின நெற்பயிர் அழுகித்தானே போகும்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து அலையாத்தி மரங்களில் அப்பியது. இறால் குஞ்சு வளருகிற இடம் அது. உங்கள் ஊர் வடிகால் எந்த வழியாகக் கழிமுகம் சேருகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.