ஒரே விலை, இரு வேறு தீர்ப்புகள்: வணிகத் துறையினருக்குப் போட்டிச் சட்டப் படிப்பு ஏன் அவசியமாகிறது?

புதுதில்லி: ஓர் ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்ற நிறுவனங்கள் அனைத்தும் ஒரே விலையைக் குறிப்பிட்டால், அது கூட்டுச்சதியா அல்லது சந்தையின் இயல்பா? ஒன்றரை ஆண்டு இடைவெளியில் இரு வழக்குகளில் இக்கேள்விக்கு உச்சநீதிமன்றம் இரு வேறு விடைகளை அளித்துள்ளது. முதுநிலை அளவில் போட்டிச் சட்டத்தைப் பயில்வோர் எதைக் கற்கின்றனர், அந்த அறிவு நிறுவனங்களுக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதை இவ்விரு தீர்ப்புகளும் விளக்குகின்றன.

கிலோ ரூ.388

தானியக் கிடங்குகளில் பூச்சிகளைக் கட்டுப்படுத்தப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வாங்க இந்திய உணவுக் கழகம் 2009-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி கோரியது. எக்செல் கிராப் கேர், யுனைடெட் பாஸ்பரஸ், சந்தியா ஆர்கானிக் கெமிக்கல்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் கிலோவுக்கு ரூ.388 என ஒரே விலையைக் குறிப்பிட்டன. உணவுக் கழகத்தின் புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ), மூன்று நிறுவனங்களுக்கும் 2012-இல் அபராதம் விதித்தது. உற்பத்தி இடமும் செலவும் வேறுபடும் நிறுவனங்கள் தற்செயலாக ஒரே விலையை எட்டியிருக்க முடியாது எனக் கருதிய உச்சநீதிமன்றம், கூட்டுச்சதி நடந்ததை 2017 மே மாதம் உறுதி செய்தது.

இரண்டாவது வழக்கு 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளைகள் தொடர்பானது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2010-இல் கோரிய ஒப்பந்தப்புள்ளியில் உருளைத் தயாரிப்பாளர்கள் பலர் ஒரே மாதிரியான விலைகளைக் குறிப்பிட்டனர். அவர்களில் சிலர், விலைப்புள்ளி அளிப்பதற்குச் சற்று முன்னர் மும்பையில் ஒரு விடுதியில் சந்தித்ததையும் சிசிஐ சுட்டிக்காட்டி அபராதம் விதித்தது. ஆனால் 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மட்டுமே உருளைகளை வாங்குகின்றன. விலையை நிர்ணயிப்பதில் வாங்குபவரின் கையே ஓங்கியிருக்கிறது. இத்தகைய சந்தையில் விலைகள் ஒத்திருப்பதை மட்டும் வைத்துக் கூட்டுச்சதி என்ற முடிவுக்கு வர இயலாது என்று நீதிமன்றம் கூறியது.

இரு தீர்ப்புகளையும் வழங்கிய அமர்வுகளுக்குத் தலைமை வகித்தவர் நீதிபதி ஏ.கே.சிக்ரி. சட்டப் பிரிவும் ஒன்றே. சந்தையின் கட்டமைப்பு குறித்த மதிப்பீடுதான் முடிவை மாற்றியது.

சட்டம் சொல்வது என்ன?

1969-ஆம் ஆண்டின் ஏகபோக மற்றும் வணிகக் கட்டுப்பாட்டு நடைமுறைகள் சட்டத்துக்கு மாற்றாக, போட்டிச் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டது. அதன் 3-ஆவது பிரிவு போட்டியைக் குலைக்கும் உடன்பாடுகளையும், 4-ஆவது பிரிவு சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதையும் தடை செய்கின்றன. இவ்விரு பிரிவுகளும் 2009 மே 20 முதல் நடைமுறையில் உள்ளன. நிறுவனங்களின் இணைப்பு, கையகப்படுத்தலை ஒழுங்குபடுத்தும் 5, 6-ஆவது பிரிவுகள் 2011 ஜூன் 1-இல் அமலுக்கு வந்தன.

உடன்பாடு என்பது கையெழுத்திட்ட ஆவணமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வாய்மொழிப் புரிதலும் உடன்பாடாகவே கருதப்படும். விலை நிர்ணயம், உற்பத்தியைக் குறைத்தல், சந்தையைப் பங்கிடுதல், ஒப்பந்தப்புள்ளியில் கூட்டுச் சேர்தல் ஆகிய நான்கும் போட்டியாளர்களிடையே நடந்தால், போட்டிக்குப் பாதிப்பு ஏற்பட்டதாகச் சட்டம் அனுமானித்துக் கொள்ளும். அந்த அனுமானத்தை உரிய சான்றுகளால் மறுக்க நிறுவனங்களுக்கு வாய்ப்பு உண்டு. எரிவாயு உருளை வழக்கில் நிகழ்ந்தது அதுவே.

பொருளாதாரம் ஏன்?

இளநிலைச் சட்டப் படிப்பில் பிரிவுகளும் தீர்ப்புகளும் அறிமுகமாகின்றன. முதுநிலையில் பாடத்தின் மையம் பொருளாதாரப் பகுப்பாய்வுக்கு நகர்கிறது. ஒரு நிறுவனம் ஆதிக்க நிலையில் உள்ளதா என்று கேட்பதற்கு முன், எந்தச் சந்தையில் என்று வரையறுக்க வேண்டும். ஒரு பொருளின் விலையைச் சிறிதளவு, அதாவது 5 முதல் 10 சதவீதம் வரை, நீடித்து உயர்த்தினால் வாடிக்கையாளர்கள் வேறு பொருளுக்கு மாறுவார்களா என்பது இதற்கான அடிப்படைச் சோதனை. கணிசமானோர் மாறுவார்கள் எனில் அந்த மாற்றுப் பொருளும் அதே சந்தையைச் சேர்ந்தது. இணையத் தளங்கள் பயனாளர்களுக்குக் கட்டணமின்றிச் சேவை வழங்கும்போது இச்சோதனையை எவ்வாறு பொருத்துவது என்பது இன்று வகுப்பறைகளில் விவாதிக்கப்படும் முக்கியக் கேள்விகளுள் ஒன்று.

மாறிய அபராதக் கணக்கு

மாத்திரை வழக்கில் யுனைடெட் பாஸ்பரஸ் நிறுவனத்துக்கு சிசிஐ விதித்த அபராதம் ரூ.252.44 கோடி. நிறுவனத்தின் மொத்த விற்றுமுதலை அல்லாமல், சம்பந்தப்பட்ட பொருளின் விற்றுமுதலை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும் என மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியதால் அத்தொகை சுமார் ரூ.6.94 கோடியாகக் குறைந்தது. உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது.

அந்த நிலை இப்போது மாறிவிட்டது. 2023-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, விற்றுமுதல் என்பது அனைத்துப் பொருள்கள், சேவைகள் மூலம் உலக அளவில் கிடைக்கும் தொகையைக் குறிக்கும். 2024 மார்ச் மாதம் வெளியான வழிகாட்டுதல்களின்படி, சம்பந்தப்பட்ட பொருளின் சராசரி விற்றுமுதலில் 30 சதவீதம் வரை முதலில் கணக்கிடப்படும்; உலகளாவிய விற்றுமுதலில் 10 சதவீதம் என்பது சட்டப்படியான உச்சவரம்பாக இருக்கும். கூட்டுச்சதி வழக்குகளில் இந்த வரம்பு இன்னும் உயரக்கூடும். சிசிஐ உத்தரவை எதிர்த்து தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுக விரும்பும் நிறுவனம், அபராதத்தில் 25 சதவீதத்தை முதலில் செலுத்த வேண்டும். நிறுவனத்தின் விதிமீறலுக்குப் பொறுப்பான அதிகாரிகளின் தனிப்பட்ட வருமானத்தின் அடிப்படையிலும் அபராதம் விதிக்கலாம்.

கூட்டுச்சதியில் ஈடுபட்ட நிறுவனம் தாமாக முன்வந்து தகவல் அளித்தால் சலுகை உண்டு. உலர் மின்கல நிறுவனங்களின் விலை நிர்ணய வழக்கில், முதலில் சிசிஐ-யை அணுகிய பானாசோனிக் நிறுவனத்துக்கு 2018-இல் முழு அபராதமும் தள்ளுபடி செய்யப்பட்டது. அடுத்து வந்த எவரெடி நிறுவனத்துக்கு 30 சதவீதமும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தோ நேஷனல் நிறுவனத்துக்கு 20 சதவீதமும் மட்டுமே குறைக்கப்பட்டது. தவறை உரிய நேரத்தில் அடையாளம் காணும் அதிகாரி ஒருவர் நிறுவனத்துக்குள் இருப்பதன் மதிப்பை இந்த வேறுபாடு காட்டுகிறது.

யார், எங்கு பயிலலாம்?

சட்டப் பட்டதாரிகள் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் எல்.எல்.எம். பயிலலாம். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பெரும்பாலானவற்றுக்கு கிளாட் முதுநிலைத் தேர்வும், தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு அய்லெட் தேர்வும் நடத்தப்படுகின்றன. சட்டம் பயிலாத பட்டதாரிகள், பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தொலைநிலையில் வழங்கும் வணிகச் சட்ட முதுநிலைப் படிப்பைப் பரிசீலிக்கலாம். போட்டிச் சட்டம் தனித் தாளாக உள்ளதா, பொருளாதாரப் பகுப்பாய்வு கற்பிக்கப்படுகிறதா என்பதைப் பாடத்திட்டத்தில் உறுதி செய்துகொண்டு சேர்வது நல்லது. சட்டம், பொருளாதாரம், மேலாண்மை மாணவர்களுக்கு சிசிஐ உள்ளகப் பயிற்சியும் அளிக்கிறது. அதன் உத்தரவுகளை ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

விலையை முடிவு செய்யும் விற்பனை மேலாளர்கள், ஒப்பந்தப்புள்ளி தயாரிப்போர், வணிகச் சங்கக் கூட்டங்களில் பங்கேற்போர் ஆகியோரும் இப்படிப்பின் அடிப்படைகளை அறிந்திருப்பது அவசியம். போட்டியாளரிடம் விலை குறித்துப் பேசும் ஓர் உரையாடல், பல ஆண்டுகள் கழித்து நிறுவனத்துக்கும் அவருக்கும் எதிரான சான்றாக ஆணையத்தின் முன் வைக்கப்படலாம்.